மங்குக்கு வினிகர் வைத்த மார்கழி

அந்த பாட்டில் வீட்டுக்கு வந்தது பையனால். ஏழாம் வகுப்பு படிக்கிறான். செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு, வீட்டிலேயே ஃப்ரைட் ரைஸ் செய்யப்போவதாக ஒற்றைக்காலில் நின்றான். சோயா சாஸ், மிளகாய் சாஸ், வினிகர் மூன்றும் அவலூர்பேட்டை கடைத்தெருவிலிருந்து வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு அவன் சமையல் ஆசை தீர்ந்தது. வினிகர் மட்டும் முக்கால் பாட்டில் மீந்து, உப்பு ஜாடிக்குப் பின்னால் நின்றது.

மார்கழியில் ஒரு ராத்திரி, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு அவனுடைய அம்மா அதை எடுத்தார். பஞ்சை நனைத்து இரண்டு கன்னத்திலும் ஒற்றினார். சுருக்கென்றது. வீடியோவில் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தமாம். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள், சீக்கிரம் பலன் தெரியட்டும் என்று நனைத்த பஞ்சை இடது கன்னத்தில் வைத்து, அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு படுத்துவிட்டார்.

விடிந்து பஞ்சை உரித்தபோது தோலும் கூடவே வந்தது.

அவருக்கு 39 வயது. விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூர் தாலுகாவில், செஞ்சிக்கு வடக்கே இருக்கிறது அவலூர்பேட்டை. நெல்லும் மல்லாட்டையும் விளைகிற ஊர்ப்பக்கம். வேர்க்கடலைக்கு இங்கே மல்லாட்டை என்றுதான் பெயர். அதற்குக் களை வெட்டுவது, பிடுங்குவது, ஆய்வது எல்லாம் பெண்கள் வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் செய்வதும் அதுதான். முதலில் பெண், ஏழு வருஷம் கழித்துப் பையன். பையன் வயிற்றிலிருந்தபோது கன்னத்து எலும்பின் மேல் லேசான பழுப்பு நிழல் விழுந்தது. பிள்ளை பிறந்தால் போய்விடும் என்றார்கள். பாதி போனது. மீதி தங்கி, ஒவ்வொரு கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து, கடைசி ஐந்து வருஷத்தில் இரண்டு கன்னம், மூக்குத் தண்டு, மேலுதடு என்று பரவிவிட்டது.

மங்கு. மருத்துவத்தில் மெலாஸ்மா. வலி இல்லை, அரிப்பு இல்லை, யாருக்கும் ஒட்டாது. உடம்புக்கு ஒரு கெடுதலும் செய்யாத இந்த நிறமாற்றம், மனசைப் படுத்துகிற பாடு மட்டும் கொஞ்சமல்ல. மாமியாருக்கு அந்தப் பெயரே போதுமானதாக இருந்தது. "மங்கு சனி புடிச்சிருக்குது, அதான் மூஞ்சில காட்டுது" என்று பக்கத்து வீட்டில் சொன்னார். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு எலுமிச்சம்பழ மாலை போட்டார்கள். ஜாதிக்காயைக் கல்லில் இழைத்து ஒரு வருஷம் பூசினார். கஸ்தூரி மஞ்சள், தயிர், உருளைக்கிழங்குச் சாறு எல்லாம் முறை வைத்து வந்து போயின.

நடுவில் ஒரு மருந்துக்கடையில் கொடுத்த ட்யூப் ஒன்றும் உண்டு. இரண்டு மாதம் முகம் பளிச்சென்று ஆனது. 'நிறுத்தக் கூடாது போலிருக்கு' என்று எட்டு மாதம் போட்டார். பிறகு முகம் சிவந்து, தாடையில் பூனை முடி வளர்ந்து, வெயிலில் நின்றால் மிளகாய் தடவியதுபோல் எரிய ஆரம்பித்தது. பயந்து நிறுத்தினார். மங்கு முன்பைவிடக் கறுப்பாகத் திரும்பி வந்தது.

இப்படி எல்லாம் பார்த்துச் சலித்தவர், இந்த மார்கழியில் மட்டும் ஏன் வினிகரை எடுத்தார்? தையில் தம்பிக்குக் கல்யாணம். ஒரே அக்கா. தாலியின் மூன்றாவது முடிச்சை நாத்தனார்தான் போட வேண்டும். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடும்போதே மேடையிலிருக்கும் எல்லா கேமராவும் அந்தக் கழுத்தைச் சுற்றிக் குவிந்துவிடும். அந்த நேரத்தில் எங்கேயும் போய் ஒளிய முடியாது.

வினிகரை அவர் நம்பியதற்கு ஒரு நியாயமும் இருந்தது. பித்தளைக் குடம் கறுத்தால் புளி போட்டுத் தேய்க்கிறோம். ஐந்தே நிமிஷத்தில் பொன்போல ஆகிவிடுகிறது. புளிப்பு கறுப்பை எடுக்கும் என்பது சமையலறையில் தினமும் கண்ணால் பார்க்கிற உண்மை. புளியைவிட வினிகர் காட்டமான புளிப்பு. அப்படியென்றால் கன்னத்துக் கறுப்பையும் எடுக்கத்தானே வேண்டும்? வீடியோவில் பேசிய பெண்ணும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். அந்தப் பெண்ணின் முகத்தில் மங்கே இல்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை.

காலையில் மாமியார் பற்பசையோடு ஓடிவந்தார். நல்லவேளையாக, திருவண்ணாமலையில் பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் வருஷம் படிக்கிற மகள் அரையாண்டு விடுமுறைக்கு வீட்டில் இருந்தாள்.

"ஆயா, ஒண்ணும் பூசாதீங்க. அம்மா, நீ குழாயடிக்கு வா."

இருபது நிமிஷம் அம்மாவின் கன்னத்தை ஓடுகிற தண்ணீரில் காட்டச் சொன்னாள். தம்பி எங்கோ படித்ததை வைத்துச் சமையல் சோடாவைத் தூக்கிக்கொண்டு வந்தான், அமிலத்துக்கு அதுதான் மாற்று என்று. "சோதனைக் குழாயில சரி, தோல் மேல போடக் கூடாதுடா" என்று அவனைத் துரத்தினாள். அமிலம் பட்ட புண்ணில் அதையும் சேர்த்தால் புண்மேல் புண்ணாகும். தோலில் ஆசிட் பட்டால் முதல் வைத்தியம் தண்ணீர்தான், அதுவும் நிறைய, அதுவும் நேரம் எடுத்துக்கொண்டு. ராத்திரி முழுக்க ஊறிய புண்ணுக்குக் காலையில் தண்ணீர் காட்டியதில் பாதிப் பலன்தான். எரிச்சல் மட்டும் கொஞ்சம் அடங்கியது.

பிறகுதான் மகள் அந்த பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தாள். செயற்கை வினிகர். அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்தது. இந்திய உணவு விதிப்படி வினிகரில் குறைந்தது 3.75 சதவிகிதம் அசிட்டிக் அமிலம் இருக்க வேண்டும். கேட்கச் சின்ன எண்ணாகத்தான் இருக்கிறது. தோலுக்கென்று லேசான புளிப்பு ஒன்று இயற்கையாகவே உண்டு, பி.ஹெச். அளவில் 5-ஐ ஒட்டி நிற்கும். வினிகர் 2-லிருந்து 3-க்குள். அந்த அளவுகோலில் ஒரு எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு, இரண்டு இறங்கினால் நூறு மடங்கு. ஊறுகாயில் கிருமியைக் கொல்கிற அந்த வேகம், பஞ்சுக்கும் பிளாஸ்டருக்கும் அடியில் ஒரு ராத்திரி முழுக்க அடைபட்டுக் கிடந்தால் தோலின் மேலடுக்கு என்ன ஆகும்?

"லேப்ல இது கையில பட்டாலே கழுவச் சொல்லுவாங்கம்மா" என்றவளுக்கு அழுகை வந்துவிட்டது. "என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?"

"ஒன்னைய என்னாத்த கேக்கறது? சாப்புடற பொருளுதானேன்னு போட்டேன்."

சாப்பிடுகிற பொருள்தானே என்று நினைத்து மாட்டிக்கொண்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அமெரிக்காவில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி, மூக்கிலிருந்த மச்சங்களை எடுக்க இணையத்தில் படித்த முறைப்படி ஆப்பிள் வினிகர் வைத்து, மச்சம் இருந்த இடத்தில் புண் வாங்கிக்கொண்டதை 2015-ல் மருத்துவர்கள் ஒரு தோல் மருத்துவ இதழில் எழுதினார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 2019-ல் இன்னும் முறையாகவே சோதித்துப் பார்த்தார்கள். கரப்பான் இருந்த 11 பேர், இல்லாத 11 பேர். ஒரு கையை வெறும் தண்ணீரில், இன்னொரு கையை அரை சதவிகித அசிட்டிக் அமிலம் வருமளவு நீர்த்த ஆப்பிள் வினிகரில், தினம் 10 நிமிஷமாக இரண்டு வாரம் ஊறவைத்தார்கள். தோலின் காப்புத்திறன் கூடவில்லை. பெரும்பாலோருக்கு எரிச்சல்தான் மிச்சம். அவலூர்பேட்டை கன்னத்தில் ஒட்டியிருந்தது அதைவிட ஏழெட்டு மடங்கு காரமானது. நேரமும் 10 நிமிஷமல்ல, ஒரு ராத்திரி.

மறுநாளே அம்மாவும் மகளும் கிளம்பினார்கள். செஞ்சி போய், கோட்டை மலைகளைத் தாண்டி, அங்கிருந்து புதுச்சேரி பஸ். முந்தானையை இழுத்து இடது கன்னத்தை மூடியபடியே வந்தார் அம்மா. அரசு மருத்துவமனை ஒன்றின் தோல் பிரிவு. வரிசை நீளம். டாக்டர் பெண். முந்தானையை விலக்கச் சொல்லிப் பார்த்தவர் திட்டவில்லை. அதுவே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது முழுக்க, எப்படித் திட்டு வாங்குவது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தாராம்.

"மங்கு எத்தனை வருஷமா இருக்கும்மா? பழைய போட்டோ ஏதாவது இருக்கா? எப்படிப் பரவிச்சுன்னு பார்க்கலாம்."

மகள் செல்போனைத் திறந்தாள். திருவண்ணாமலை தீபம், தம்பி பிறந்த நாள், சித்தப்பா வீட்டுக் காதுகுத்து, பொங்கல், இன்னொரு பொங்கல். விரலால் தள்ளிக்கொண்டே போனாள். அப்பா இருந்தார், ஆயா இருந்தார், வாரச்சந்தையில் வாங்கிய ஆட்டுக்குட்டிக்குக்கூட நாலு படம் இருந்தது. அம்மா இல்லை. ஒன்றிரண்டில் முதுகு, ஒன்றில் வளையல் போட்ட கை மட்டும். எல்லாப் படத்தையும் எடுத்தது அம்மாதான். 'நீங்க நில்லுங்க, நான் புடிக்கிறேன்' என்று முதல் ஆளாகப் போனை வாங்கிக்கொள்கிற பழக்கம் எதனால் வந்தது என்பது, அந்த மருத்துவமனை பெஞ்சில்தான் மகளுக்கு விளங்கியது.

கடைசியில் கிடைத்தது ஆதார் அட்டை. பையன் கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்தது. ஆதார் போட்டோவில் யார் முகம்தான் தெளிவாக இருக்கிறது? இருந்தாலும் டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கன்னத்தில் மெல்லிய நிழல் மட்டும் இருந்தது.

பித்தளைக் குடக் கதையை அவரே டாக்டரிடம் சொன்னார், கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு. டாக்டர் சிரிக்கவில்லை. குடத்துக் கறுப்பு மேலே படிந்தது. கரைத்தால் அடியில் பித்தளை இருக்கிறது. மங்கு மேலே படிந்ததல்ல. தோலின் மேலடுக்குக்கு அடித்தளத்தில் நிறம் செய்கிற செல்கள் இருக்கின்றன. அவை மெலனின் என்ற நிறப்பொருளைச் செய்து சுற்றியுள்ள செல்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கர்ப்ப காலத்து ஹார்மோன், சிலருக்குக் கருத்தடை மாத்திரை, வீட்டு வழி வருகிற உடல்வாகு, இவை எல்லாவற்றுக்கும் மேல் வெயில், எல்லாம் சேர்ந்து அந்தச் செல்களை முடுக்கிவிட்டிருக்கின்றன. மேலே தேய்த்தால் உள்ளே நடக்கிற வேலை நிற்காது.

புண்பட்டாலும் அந்தச் செல்கள் நிறத்தைக் கூட்டும். நம்மைப்போன்ற மாநிறத் தோலில் கொசுக்கடி, பரு, தீக்காயம் எது ஆறினாலும் ஒரு கறுப்புத் தடம் விட்டுப் போவது இதனால்தான். கறுப்பை எடுக்க வைத்த வினிகர், கறுப்பை வரவழைக்கத்தான் போகிறது. அதை டாக்டர் சொன்னபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த மருந்துக்கடை ட்யூபின் கதையையும் டாக்டர் கேட்டுக்கொண்டார். ஸ்டீராய்டு, நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், தோலை உரிக்கும் ட்ரெடினாய்ன், மூன்றும் சேர்ந்த களிம்பாக இருக்க வேண்டும். மங்குக்கு அது மருந்துதான். டாக்டர் கண் பார்வையில், சில வாரக் கணக்கில். சீட்டில்லாமல் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, முடி முளைத்து, நிறுத்த முடியாத நிலைக்குக் கொண்டுவிடும். இந்தியாவில் தோல் டாக்டர்கள் பல வருஷமாக இதைப் பற்றிக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். ட்யூப் இன்னும் பெட்டிக்கடை சோப்பு மாதிரி விற்கிறது.

மகளுக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. கல்லூரியில் சீனியர் அக்கா ஒருத்தி முகத்துக்கு 'ஆசிட் பீல்' செய்துகொண்டதாகச் சொல்லியிருக்கிறாள். அதுவும் ஆசிட்தானே? டாக்டர் செய்தால் மட்டும் எப்படி?

நல்ல கேள்வி. இதற்கான விடையில் ஒரு பாதி புதுச்சேரியிலேயே இருக்கிறது.

அசிட்டிக் அமிலத்தின் மூலக்கூறில் ஒரு கரியணுவோடு மூன்று ஹைட்ரஜன்கள் ஒட்டியிருக்கும். அந்த மூன்றையும் கழற்றிவிட்டு மூன்று குளோரினை மாட்டினால் ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலம். 1839-ல் பிரெஞ்சு வேதியியலாளர் டூமா இதைச் செய்து காட்டினார். வினிகர் வீட்டுப் பிள்ளைதான். ஆனால், குணம் வேறு. அமில வலுவில் தாயைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மேல். தோலில் பட்டதும் புரதத்தை உறையவைத்துவிடும், முட்டை வெள்ளை வெந்து வெளுப்பதைப்போல. 1882-லேயே ஹாம்பர்க் நகரத்துத் தோல் மருத்துவர் உன்னா இதைத் தோலுரிக்கும் மருந்துகளில் ஒன்றாக எழுதிவைத்தார். மேல்தோலை அளவாகப் புண்படுத்தி, நிறம் ஏறிய அடுக்கை உரியச் செய்து, புதுத் தோலை வரவழைப்பது. இதுதான் பீல்.

இந்த அமிலத்தை மங்கு வந்த நம் ஊர்ப் பெண்களிடம் சோதித்தவர்கள் புதுச்சேரி ஜிப்மரின் தோல் துறை மருத்துவர்கள். ராஷ்மி குமாரி, தேவிந்தர் மோகன் தப்பா இருவரின் அந்த ஆய்வு 2010-ல் இந்தியத் தோல் மருத்துவர் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. 40 பெண்கள். 20 பேருக்கு ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலம், 10-லிருந்து 20 சதவிகிதம் வரை. இன்னொரு 20 பேருக்குக் கிளைக்காலிக் அமிலம். இது கரும்பிலும் இருக்கிற, சாதுவான அமிலம் என்பதால் 55-லிருந்து 75 சதவிகிதம் வரை. 15 நாளுக்கு ஒரு முறை, அதிகபட்சம் நாலு மாதம். மங்கின் பரப்பையும் கறுப்பையும் சேர்த்து மதிப்பெண் போடுகிற முறை ஒன்று இருக்கிறது. அந்த மதிப்பெண் இரு குழுவிலும் ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்தது. பக்க விளைவு கிளைக்காலிக் அமிலத்தில்தான் குறைவு. வினிகரின் உறவுக்கார அமிலமும் வேலை செய்தது, தொல்லையும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தது.

"அப்ப நான் நெனச்சது பாதி சரிதானே டாக்டரம்மா?" என்று அவர் கேட்டார். அன்றைக்கு முதன்முதலாக முகத்தை நிமிர்த்திக் கேட்ட கேள்வி அது.

பாதி சரிதான். மீதிப் பாதி அளவு, நேரம், கை. இரண்டு வாரம் முன்பே தோலைப் பழக்குவதற்குக் களிம்பு போட வேண்டும். அமிலத்தைச் சதவிகிதம் பார்த்துக் கரைக்க வேண்டும். கிளைக்காலிக் என்றால் கடிகாரத்தைப் பார்த்துச் சரியான நேரத்தில் சோடா கரைசலால் நிறுத்த வேண்டும். ட்ரைகுளோரோஅசிட்டிக்கில் அந்த வசதியும் கிடையாது. தோலில் வெண்பூச்சு எழுவதைக் கண்ணால் பார்த்து, இதற்கு மேல் வேண்டாம் என்று கையை எடுக்கத் தெரிய வேண்டும். ஒரு பூச்சு கூடினால் மங்குக்குப் பதில் தழும்பு. இதை வீட்டில் செய்துகொள்ள பாட்டிலில் விற்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

மகள் அவசரப்பட்டாள். "அம்மாவுக்கு அதப் பண்ணிடலாமா டாக்டர்? கல்யாணத்துக்கு அஞ்சு வாரம் இருக்கு."

முடியாது என்றார் டாக்டர். முதலில் புண் ஆற வேண்டும். அதற்கு வாஸ்லினும் பொறுமையும். ஆறிய பிறகும் சில மாதம் அந்தக் கன்னத்தை ஆசிட் பக்கம் கொண்டுபோகக் கூடாது. அதற்குப் பிறகும் பீல்தான் முதல் வைத்தியம் என்று இல்லை. பீல் செய்த தோல் வெயிலுக்கு முன்னால் பச்சைக் குழந்தை. செய்துவிட்டு வெயிலில் நின்றால் உரிந்த இடமே இன்னும் கறுத்துப்போகும். செய்யாவிட்டாலும், எந்த மருந்தில் மங்கு மங்கினாலும், வெயில் பட்டால் திரும்பி வரும். அது குணமாகிப் போகிற நோயல்ல, அடக்கி வைக்கிற நோய். முதல் மருந்து வெயிலைத் தவிர்ப்பது.

"நானு வெயில்ல போவாம, எங்க களைய யாரும்மா எடுக்கறது?"

டாக்டர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். ஜிப்மர் ஆய்வுத்தாளிலும் இதற்கு விடை இல்லை. உலகத்தில் எந்த ஆய்வுத்தாளிலும் இருக்கும் என்று தோன்றவில்லை. மங்குக்கு எழுதுகிற மருந்துச் சீட்டு எல்லாமே, நோயாளி நிழலில் உட்கார முடியும் என்று நம்பித்தான் ஆரம்பிக்கிறது. தினக்கூலிக்குக் களைக்கொட்டு பிடிக்கிற பெண்ணுக்கு 15 நாளுக்கு ஒரு முறை புதுச்சேரி வருவது என்றால் ஒரு நாள் கூலியும் இரண்டு பஸ் கட்டணமும் போச்சு.

பிறகு டாக்டர் இருப்பதை வைத்துக் கணக்குப் போட்டார். "காலையில எத்தனை மணிக்கு வேலைக்கு எறங்குவீங்க?"

"எட்டரை ஆயிடும். ஒண்ணரை வரைக்கும்."

"பத்து மணிக்கு மேலதான் வெயிலோட வேகம். அதுக்கு முன்னால எவ்வளவு முடிக்க முடியுமோ முடிங்க. தலையில துண்டு மட்டும் போதாது. முகத்துல நிழல் விழுற மாதிரி அகல விளிம்பு வெச்ச தொப்பி போட்டு, அதுமேல துண்டைக் கட்டுங்க."

சன்ஸ்கிரீன் எழுதிக் கொடுத்தார். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஆகும். பொட்டு வைப்பதுபோல வைத்தால் பிரயோஜனமில்லை. வியர்வையில் போய்விடும் என்பதால் இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை மறுபடி. தோல் நிறத்தில், இரும்பு ஆக்சைடு கலந்து வருகிற வகை கிடைத்தால் மங்குக்கு இன்னும் நல்லது. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மங்கைக் கறுக்கவைக்கும், அதையும் அது தடுக்கும். புண் ஆறுகிறவரை இடது கன்னத்தில் அதுவும் வேண்டாம், துணி மறைப்பு மட்டும். இரண்டு மாதம் கழித்து வரச் சொல்லி, தேதியைச் சீட்டின் மேலேயே எழுதினார். அப்போது ராத்திரி போடுகிற களிம்பு ஒன்றைப் பற்றி யோசிக்கலாம் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் செல்போனை நீட்டினாள். "அம்மா, இப்டிப் பாரு." முந்தானையைப் பிடித்த கையை எடுக்காமலே அவர் சொன்னார், "புண்ணு ஆறட்டும்டி."

புண் பொங்கலுக்குள் ஆறியது. டாக்டர் சொன்னபடியே எட்டணா அளவுக்கு ஒரு கருந்தடம், மங்குக்கு மேல் மங்காக நின்றது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபத்தில் முகத்துக்கு மேக்கப் போட வந்த பெண், அதை மறைத்துவிடலாம் என்றாள். புது மருந்து, புது கிரீம் என்று யார் எதை நீட்டினாலும் இப்போது அவருக்குக் கை நடுங்கியது. கொஞ்சம் பவுடர் மட்டும் போட்டுக்கொண்டார். முகூர்த்தத்தில் தம்பி இரண்டு முடிச்சுப் போட்டான். மூன்றாவதற்கு அவர் மணப்பெண்ணுக்குப் பின்னால் குனிந்தார். ஃபோட்டோகிராபர், "அக்கா, கொஞ்சம் இப்டித் திரும்புங்க" என்றார். திரும்பியபோது கேமரா பக்கம் வந்தது இடது கன்னம். கெட்டிமேளம் முழங்கிக்கொண்டிருந்தது, மறு கன்னத்தைக் காட்ட நேரமில்லை. ஆல்பத்தில் அந்தப் படம் பெரிதாகவே இருக்கிறது.

கல்யாண வேலை முடிந்த வாரத்தில் களை வெட்டு. மல்லாட்டைக்காரரிடம் போய், ஆறு மணிக்கே எறங்கி பதினொண்ணுக்கு ஏறிவிடலாமா என்று கேட்டார். அவருக்குக் கவலை இல்லை, வேலை நடந்தால் சரி. கூட வரும் பெண்கள்தான் முணுமுணுத்தார்கள். ஆறு மணிக்கு எறங்குவதென்றால் சோறு எப்போது ஆக்குவது, பிள்ளைகளை யார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது? நியாயமான கேள்விகள். முதல் நாள் அவரோடு வந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்திக்கு மேலுதட்டின் மேல் மீசைபோல மங்கு இருந்தது. அதைப் பற்றி இருவரும் இதுவரை பேசிக்கொண்டதில்லை.

மகள் திருவண்ணாமலையிலிருந்து வாங்கி வந்த தொப்பியின் மேல் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அவர் பாத்தியில் உட்கார்ந்தார். பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது என்றார்கள். மேலுதட்டு மங்குக்காரி, "அந்த வெள்ளக் களிம்பு எங்க கெடைக்குது, என்னா வெல?" என்று மெதுவாகக் கேட்டாள். அவர் விலையைச் சொன்னார். பிறகு களைக்கொட்டைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு விரலை நீட்டி எவ்வளவு பிதுக்க வேண்டும் என்று காட்டினார். சூரியன் பனைமரத்து உயரத்துக்கு வருவதற்குள் இரண்டு பாத்தி முடிந்திருந்தது.